சைலத்தின் ரிவால்வர்

பெல்ட்டைப் போட்டுக்குங்க தம்பி. அதை இழுத்து இந்தப் பக்கம் சொருகணும். ஆங், அதான். சீட்டைப் பின்னாடி தள்ளிக்கலாம், அடியில ஒரு கம்பி இருக்கும். இவ்வளவு தூரம் விமானத்துல மடங்கி உக்காந்து வந்திருக்கீங்க. தூக்கம் வந்தா தூங்குங்க.

இல்ல, தூங்காதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். ஹூஸ்டன் தாண்டிட்டா நாங்க இருக்கிற பியூமாண்ட் வரைக்கும் நேர் ரோடு. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லியாகணும்.

உங்க அக்கா பாத்ரூம்ல வழுக்கி விழலை.

அப்படித்தான் உங்ககிட்ட போன்ல சொன்னாங்கன்னு தெரியும். என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "ஊர்ல இருக்கவுகளுக்கு எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம், பயந்துருவாக"ன்னு. நானும் ஆமாம்மான்னு தலையாட்டினேன். என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்ன பொய் அது. அதுக்குப் போய் நான் தலையாட்டினேன்.

என்னைப் பத்தி உங்களுக்குச் சரியாத் தெரியாது. உங்க அக்கா செண்பகத்தோட கல்யாண ஆல்பத்துல நான் இருக்க மாட்டேன், அப்புறம் வந்த பழக்கம். பேரு தெய்வசிகாமணி, ஊரு நெய்வேலி. இங்க எல்லாருக்கும் மணி. உங்க அத்தான் சைலமும் நானும் ஒரே ரிஃபைனரியில வேலை. அவரு பம்பு பாக்கறவரு, நான் மீட்டரு, வால்வு. மனசு விட்டுத் தமிழ்ல பேச எனக்கு அவரு, அவருக்கு நான். வாய்யா போய்யான்னுதான் பேசிக்குவோம். உங்க அக்கா பழக்கமான நாள்லேர்ந்து என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. கூடப் பொறந்த தங்கச்சி எனக்குக் கிடையாது. அதனால அந்த வார்த்தையை நான் ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமையானா நானும் சைலமும் சுடறதுக்குப் போவோம். அப்படிப் பாக்காதீங்க. மனுஷனையோ மிருகத்தையோ இல்ல, அட்டையை. பைன் மரக் காட்டுக்குள்ள ஒரு கிளப் இருக்கு. மண்ணைக் குவிச்சு மேடு போட்டிருப்பாங்க, அதுக்கு முன்னாடி அட்டையை மாட்டிச் சுட வேண்டியது. ஊர்ல தீபாவளிக்கு நான் சரவெடி கூடக் கொளுத்தினது இல்ல, காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிடுவேன். இங்க கூட வேலை பார்த்த ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு. பிடிச்சுப் போச்சு. சுடற நேரத்துல மனசுல வேற எதுவும் இருக்காது. வீடு, வேலை, பிரஷர் மாத்திரை, ஒண்ணும் இருக்காது. அந்தக் குறி, இந்த விரல், அவ்வளவுதான். அப்புறம் நான் சைலத்தைக் கூட்டிட்டுப் போனேன். பிடிக்கிறது எப்படி, நிக்கிறது எப்படி, எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அவரு வெச்சிருந்த ரிவால்வரைப் பத்திச் சொன்னாத்தான் மிச்சம் புரியும். ரிவால்வர் தோட்டா வேற, பிஸ்டல் தோட்டா வேற. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில ஒரு விளிம்பு இருக்கும், அது தோட்டா போடற உருளையோட வாயில தொத்திக்கிட்டு நிக்கும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு கிடையாது, மொழுமொழுன்னு இருக்கும். முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துக்கு பிஸ்டல் பத்தலை. அதனால பிஸ்டல் தோட்டாவையே போட்டுச் சுடற மாதிரி ரிவால்வர் செஞ்சு குடுத்தாங்க. விளிம்பு இல்லாத தோட்டா உள்ள நின்னு, சுட்டதும் வெளிய வரணுமே. அதுக்கு அரை நிலா மாதிரி ஒரு தகடு கண்டுபிடிச்சாங்க. ஒரு தகட்டுல மூணு தோட்டாவைக் கவ்வ வெச்சு, தகட்டோட உள்ள போடணும். ரெண்டு தகடு போட்டா உருளை நிறைஞ்சுது. சுட்டு முடிச்சதும் ஒரு தட்டு, காலிக்கூடெல்லாம் தகட்டோட கையில வந்து விழும். சூடா இருக்கும். நாள்பூரா அந்த வாசனை விரல்ல நிக்கும்.

அந்தக் காலத்து ரிவால்வர் ஒண்ணு. இங்க துப்பாக்கிச் சந்தை போடுவாங்க, ஊர்ல மாட்டுச் சந்தை மாதிரி. அங்கதான் பார்த்தோம். நான்தான் முதல்ல பார்த்தேன். கையில எடுத்து ட்ரிகரை இழுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வழுவழுப்பு தம்பி. இழுக்கிறோம்னே தெரியாது. என்கிட்ட அப்பவே ரெண்டு மூணு ரிவால்வர் இருந்துச்சு, அதுல ஒண்ணு இதே தோட்டா போடறது, புதுசு. எதுவும் இது கிட்ட நிக்காது. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வெளிய போய் பூங்கோதைக்குப் போன் போட்டேன். பூங்கோதைதான் என் வீட்டுக்காரி. திரும்பி வந்தா அது சைலம் கையில இருக்கு. வாங்கியே முடிச்சுட்டாரு.

என்னைப் பார்த்ததும் நீட்டினாரு. "உனக்குத்தான் வேணும்னா எடுத்துக்கய்யா"ன்னாரு. அது மரியாதைக்குச் சொல்றது. மரியாதைக்குச் சொன்னதை வாங்கிக்க முடியுமா. நீயே வெச்சுக்கய்யான்னுட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கும் சுடக் குடுப்பாரு. நிறைய நாள் அவரு சுட்டதை விட நான் சுட்டது ஜாஸ்தியா இருக்கும். ஆனா கிளம்பறப்ப அது அவரு கார்லதான் போகும்.

அந்தத் தண்ணி பாட்டில் உங்களுக்குத்தான், குடிங்க.

போன குளிர்ல, உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஷிஃப்ட் முடிச்சுட்டு காருக்கு நடந்து வந்த சைலம் பார்க்கிங்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு நான் போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. உங்க அக்கா சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தாங்க. நான் பக்கத்துல போய் நின்னேன். அழுகை வந்துச்சு எனக்கும், அது பொய் இல்ல. அவரை மாதிரி ஒரு ஆள் எனக்கு இனிமே கிடைக்க மாட்டாரு. ஆனா அழுதுக்கிட்டு இருக்கறப்பவே உள்ள ஒரு நினைப்பு ஓடுது. இந்த ஊரு கடலோரம், ஈரக்காத்து. இனிமே அந்த ரிவால்வருக்கு யாரு எண்ணெய் போடுவாங்க.

ஆள் இன்னும் உள்ள படுத்திருக்காரு. நான் எண்ணெயைப் பத்தி யோசிக்கிறேன்.

அதுக்கப்புறம் உங்க அக்காவுக்கு நான் என்னென்ன செஞ்சேன்னு அவங்களே சொல்லுவாங்க. புல்லு வெட்டினேன். காருக்கு ஆயில் மாத்தினேன். கூரையில அடைச்சுக்கிட்ட சருகையெல்லாம் ஏறி எடுத்தேன். எல்லாம் முடிச்சுட்டு, காப்பி குடிக்கிறப்ப, "அம்மா, அதை ஒரு தடவை துடைச்சு வெச்சுட்டுப் போகட்டுமா, துரு பிடிச்சிடும்"பேன். எடுத்துட்டு வந்து குடுப்பாங்க. துடைப்பேன். தேவைக்கு மேலயே துடைப்பேன். அவங்க எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அவரு இல்லாத துக்கத்துல அண்ணாச்சி அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு அவங்க நினைச்சாங்க. ஒரு நாள் அப்படியே சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லலை.

சியாட்டில்ல இருக்கிற அவங்க பொண்ணு, போலீஸ்ல ஒப்படைச்சுடும்மான்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. ஒப்படைச்சா நசுக்கிப் போட்டுடுவாங்க தம்பி. அவசரப்படாதீங்கம்மான்னேன். எனக்குக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா அந்த நிமிஷமே குடுத்திருப்பாங்க. இப்ப அதுதான் உறைக்குது. ஆனா கேட்டா அது ஆசைன்னு ஆயிடுது. அவங்களா குடுத்தா அது அவங்க மனசு. அதனால காத்துக்கிட்டு இருந்தேன்.

அவங்க குடுக்கலை. வேற ஒண்ணு கேட்டாங்க. இத்தனை வருஷம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவரு வீட்டுக்கு வர்றப்ப ஒரு முகத்தோட வருவாராம். மத்த நாள்ல அந்த முகம் கிடையாதாம். சட்டையில புகை நாத்தம், தனியாத் துவைக்கணும். ஆனா அப்படி என்னதான் இருக்கு அங்கன்னு ஒரு தடவை கூடத் தான் கேட்டதில்லைன்னு வருத்தப்பட்டாங்க. "எனக்கும் ஒருக்கா சொல்லித் தாங்க அண்ணாச்சி. அவுக கையில வச்சிருந்ததை நானும் ஒருக்கா பிடிச்சுப் பாக்கேன்"னாங்க.

எனக்கு என்ன தோணியிருக்கணும். பாவம், நல்லபடியா சொல்லிக் குடுக்கணும்னு தோணியிருக்கணும். எனக்குத் தோணினது, இவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா வெச்சுக்குவாங்களே.

கூட்டிட்டுப் போனேன். பூங்கோதையும் வந்தா, ஆனா அவ சத்தம் தாங்க மாட்டான்னு தள்ளி இருக்கிற கிளப் ஷெட்டுலயே உக்காந்துட்டா. உங்க அக்காவுக்குக் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் நானே மாட்டி விட்டேன். சுடற பக்கம் மட்டும்தான் பாக்கணும், சொல்ற வரைக்கும் விரலை ட்ரிகர்ல வெக்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. சுட்டாங்க. உதைச்சுது. கை மடங்கி ரிவால்வர் மேல தூக்கிடுச்சு. மணிக்கட்டுல சின்ன எலும்பு ஒண்ணு விரிசல் விட்டுப் போச்சு. புதுசா சுடறவங்களுக்கு நடக்கிறதுதான். அப்படித்தான் கிளப்புல சொன்னேன். ஆஸ்பத்திரியில சொன்னேன்.

அழுதாங்களான்னா கேக்கறீங்க? இல்ல. கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான்தான் சரியாப் பிடிக்கலை, அண்ணாச்சி எவ்வளவோ சொன்னாக"ன்னு டாக்டர்கிட்டயே சொன்னாங்க. இங்கிலீஷ்ல.

அவங்க வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். கிளினிக்ல ரத்தம் எடுக்கிறவங்க. நரம்பு கிடைக்காத கிழவங்களெல்லாம் செண்பகம் இருக்காளான்னு கேட்டுட்டு வந்து உக்காருவாங்களாம். கட்டுப் பிரிச்சப்புறமும் இப்ப அந்தக் கையில ஊசியைப் பிடிச்சா நடுங்குது. கிளினிக்ல மேசை வேலைக்கு மாத்திட்டாங்க. போன் எடுத்துப் பேர் எழுதற வேலை. திரும்பவும் ஊசி எடுக்க விடுவாங்களான்னு தெரியலை. அதுக்குத்தான் உங்களை வரச் சொல்லியிருக்காங்க. இங்கயே இருக்கிறதா, ஊருக்கு வந்துடறதா, அதைக் கேக்கத்தான்.

கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்த அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. "அதை நீங்களே கொண்டு போயிருங்க அண்ணாச்சி. எனக்கு இனிமே அதைப் பாக்க முடியாது." ரெண்டு நாள் கழிச்சு ரிவால்வர், தகடு, தோட்டா, அவரு துடைக்கிற துணி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு இடது கையால எடுத்துக் குடுத்தாங்க. கூடவே எள்ளுப்பொடி ஒரு டப்பா. இடது கையால எப்படித்தான் அரைச்சாங்களோ.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் அதை எடுத்துட்டுப் போனேன். போயிருக்கக் கூடாது. போனேன். தனியா நின்னு சுட்டேன். அன்னிக்கு மாதிரி நான் என் ஆயுசுல சுட்டதில்லை தம்பி. எல்லா ஓட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா, அட்டையில ஒரு பெரிய ஓட்டையா இருந்துச்சு. பக்கத்துல நின்னவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. சந்தோஷமா இருந்துச்சு. அதை எப்படி மறைக்கிறது, அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு அதே சந்தோஷத்தோட போய் அட்டையைப் பூங்கோதைகிட்டக் காட்டினேன்.

அவ அட்டையைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தா. "செண்பகத்துக்கு எந்தத் தோட்டா குடுத்தீங்க"ன்னு கேட்டா.

புரியாது உங்களுக்கு, சொல்றேன். தோட்டாவை நானே வீட்டுல நிரப்புவேன். வெடிமருந்து கம்மியாப் போட்டு, புதுசாக் கத்துக்கறவங்களுக்குன்னு ஒரு டப்பா தனியா வெச்சிருப்பேன். உதையே இருக்காது. டப்பா மேல பச்சை டேப். யாரு புதுசா வந்தாலும் அதுலேர்ந்துதான் குடுப்பேன், அதுவும் ஒரே ஒரு தோட்டா. பூங்கோதையை ஒரு காலத்துல ஒரே ஒரு தடவை சுட வெச்சேன், அப்பவும் அதுதான் குடுத்தேன். ரெண்டு கையால பிடிக்க வெச்சு, பின்னாடி நின்னு முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவ மறக்கலை.

அன்னிக்கு என் பையில ரெண்டு டப்பாவும் இருந்துச்சு. பச்சை டேப் மேலயே இருந்துச்சு. அதை நகர்த்திட்டு, கீழ இருந்ததை எடுத்தேன். முழு மருந்து. தகட்டுல மூணையும் மாட்டினேன்.

உங்க அக்கா ஒத்தைக் கையால பிடிச்சாங்க. சைலம் அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு வீட்டு ஹால்ல இருக்கு, பாப்பீங்க. அதே மாதிரி. முழங்கை தொங்குது. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். பலமா உதைச்சா பயந்துடுவாங்க, அவ்வளவுதான் நினைச்சேன். கை உடையணும்னு நினைக்கலை. எங்க வேணா சத்தியம் பண்றேன், அதை நினைக்கலை. பயந்து, இது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, நீங்களே வெச்சுக்குங்கன்னு சொல்லுவாங்க, அதுதான் நினைச்சேன். சொன்னாங்களே. அப்படியே சொன்னாங்களே.

இந்த லாரிக்காரன் ஒருத்தன், விடமாட்டேங்கிறான் பாருங்க.

பூங்கோதைகிட்ட தோட்டா விஷயத்தை ஒத்துக்கிட்டேன். அவ கத்தலை. நீங்க வர்றது முடிவான அன்னிக்குத்தான் வாயைத் திறந்தா. "அவங்க தம்பி வர்றாரு, ஏர்போர்ட்டுக்கு நீங்கதானே போறீங்க. வர்ற வழியில அவருகிட்ட சொல்லுங்க. பொருளைச் செண்பகம் கையில திருப்பிக் குடுங்க. அவங்க போலீஸ்ல போடறாங்களோ, கடல்ல போடறாங்களோ, அது அவங்க இஷ்டம். செய்யலைன்னா வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்ல மாட்டேன். வாங்க. ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டே வந்து உக்காருங்க"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. சாப்பாடு வெக்கிறா, டி.வி. பாக்கறா.

ஆனா அவளுக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. ஷெட்டுல உக்காந்திருந்தவளுக்குக் கேட்டிருக்காது.

முதல் தோட்டாவுல கை உடையலை தம்பி.

முதல் தோட்டா சுட்டதும் ரிவால்வர் எகிறுச்சு. நடுவிரல் முட்டியில அடிபட்டு சிவந்துடுச்சு. அவங்க பயப்படலை. நான் நினைச்சது அங்கயே பொய்யாப் போச்சு. ரிவால்வரைக் கீழ போடலை, மேட்டுப் பக்கமே பிடிச்சுக்கிட்டு, தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாங்க. கண்ணாடிக்குள்ள கண்ணு ரெண்டும் பெரிசா இருந்துச்சு. சிரிக்கிற மாதிரியும் இருந்துச்சு, அழற மாதிரியும் இருந்துச்சு. "சரியா அண்ணாச்சி?"ன்னு கேட்டாங்க. பிடிச்சிருக்கிறது சரியான்னு கேட்டாங்க. சரியில்லை. கை நழுவி, மணிக்கட்டு ஒரு பக்கமாத் திரும்பியிருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. எத்தனையோ பேருக்கு அதைத்தான் முதல்ல திருத்துவேன்.

"சரிதாம்மா. இன்னொண்ணு"ன்னேன்.

ஒரு நிமிஷம். கண்ணாடி வேர்க்குது, ஏசியைக் கூட்டறேன்.

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. இறக்கி விடுடான்னு சொன்னாலும் நான் நிறுத்தி, வேற டாக்ஸி பிடிச்சுக் குடுக்கிறேன். அவங்ககிட்ட நீங்க சொல்றதா, நான் சொல்றதா, அதையும் நீங்களே முடிவு பண்ணுங்க. நானே சொல்லிடறேன்னு வெச்சுக்குங்க. இன்னிக்கே வேண்டாம். தம்பி வந்திருக்கான்னு சந்தோஷமா இருப்பாங்க. காலையிலேர்ந்து சமைச்சுக்கிட்டு இருக்காங்க, ஒத்தைக் கையால. சாப்பிட்டுட்டு, தூங்கி எழுந்து, அப்புறம் ஒரு நாள் உக்காந்து பேசலாம்.

ஆனா பொருள் இன்னிக்கே. அது பின்னாடி டிக்கியில இருக்கு, உங்க சூட்கேஸ் பக்கத்துல. இரும்புப் பெட்டி, பூட்டியிருக்கு, பயப்படாதீங்க. அதுக்குன்னு நானே வாங்கின பெட்டி. நேத்து ராத்திரி கடைசியா ஒரு தடவை எண்ணெய் போட்டு வெச்சேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, உங்களை வெச்சுக்கிட்டு அவங்க கையில குடுத்துடறேன். இதைச் செய்யாம நான் வீட்டுக்குப் போக முடியாது.

நீங்க இதை ஊருக்குக் கொண்டு போக முடியாது, கஸ்டம்ஸ்ல பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. அதனால என்ன பண்றதுன்னு உங்களைத்தான் கேப்பாங்க. போலீஸ்னா நசுக்கறதுதான். நூறு வருஷப் பொருள். தெரிஞ்சவங்க கையில இருந்தா இன்னும் நூறு வருஷம் இருக்கும். என்னைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன். நீங்க கேட்டா நல்லாயிருக்கும், உங்க வார்த்தைக்கு அவங்ககிட்ட மதிப்பு இருக்கு, அதுக்காகச் சொன்னேன்.

இல்ல, நான் அப்படிச் சொல்லலை தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க.

இதோ வந்துட்டோம். இந்த லெஃப்ட், அந்த வெள்ளைக் கதவு வீடு. வாசல்லயே நிக்கிறாங்க பாருங்க. கட்டுப் பிரிச்சும் மணிக்கட்டுல இன்னும் பட்டை போட்டிருக்காங்க. எவ்வளவு சிரிப்பு பாருங்க முகத்துல. இறங்குங்க, இறங்கிப் போங்க, நான் சாமானை எடுக்கிறேன்.

வாங்கம்மா. ஆமாம்மா, வழியில லாரி, அதான் லேட்டு. பேசாம எங்க வந்தோம், வழி பூரா நான்தான் பேசிட்டு வந்தேன். அவருக்குத் தூக்கம்மா, அதான் முகம் அப்படி இருக்கு. நீங்க கையை வெக்காதீங்கம்மா, சூட்கேஸ் கனம், நான் இறக்கறேன். தம்பி, அந்தப் பையை நீங்க பிடிச்சுக்குங்க.

எதும்மா? இந்தச் சின்னப் பெட்டியா?

இல்லம்மா, அது இறங்க வேண்டாம். அது என்னோடது.